கண்ணையன் (எ) ராஜாமணி

கலைமதி ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு ஓடிவந்தபோது கெங்கம்மாள் கரும்பின் அடியில் குனிந்திருந்தாள். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, பெண்ணையாற்றுப் பக்கத்துக் கொல்லை அது. வெட்டு ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கண்ணையன் செத்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. முந்தின கொல்லையில் கரும்புக் கட்டைத் தலைக்குத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். பார்த்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அக்கா, கெடச்சிடுச்சுக்கா! கெடச்சிடுச்சு!"

கலைமதி விழுப்புரத்து வக்கீல். முப்பத்திரண்டு வயது. பழங்குடிகளுக்காக வழக்கு நடத்தும் ஒரு சின்னச் சங்கத்தில் இருக்கிறாள். கெங்கம்மாளோடு சேர்ந்த பதினோரு இருளர் குடும்பங்களுக்காக மூன்று வருஷமாக அவள் ஏறாத ஆபீஸ் இல்லை, வாங்காத பேச்சு இல்லை. விடாக்கண்டி என்று வனத்துறைக்காரர்கள் அவளுக்குப் பட்டம் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அவள் சுடிதாரெல்லாம் ரிக்கார்டு அறைத் தூசி. கையில் ஒரு ஜெராக்ஸ்.

சண்டை ஆலங்கழிக்காக. திண்டிவனத்துக்குக் கிழக்கே கடலுக்குப் போகிற வழியில் கிடக்கிற பெரிய உப்பங்கழி அது. ஐப்பசி மழையில் கழி நிரம்பினால் இந்தப் பதினோரு குடும்பமும் வடகரைக்கு வந்துவிடும். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். தை முடிந்து தண்ணீர் வற்றினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் கழி. எத்தனை தலைமுறையாக என்று அவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். மூச்சு விடுவதை யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா?

மூன்று வருஷத்துக்கு முன் கழியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். சுற்றிலும் இறால் பண்ணைக்காரர்கள் கழியைத் தின்றுகொண்டே வந்தார்கள், அது நின்றது. கழியில் உரிமை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் வந்து சொல்லலாம் என்று முறைப்படி நோட்டீசும் ஒட்டினார்கள். ஒட்டியது சித்திரை மாதம். பதினோரு குடும்பமும் சூளையில் இருந்தது. ஐப்பசியில் வந்து பார்த்தால் கம்பிவேலி, கேட்டு, கேட்டில் கார்டு. கலைமதி கோர்ட்டுக்குப் போனாள். இன்னொரு தரம் விசாரணை நடத்தச் சொல்லி உத்தரவு வாங்கினாள். அந்த விசாரணை வருகிற புதன்கிழமை, திண்டிவனத்தில். இரண்டாயிரத்து ஐந்துக்கு முன்பே இவர்கள் அந்தக் கரையில் இருந்ததற்கு ஒரு சர்க்கார் காகிதம் காட்டினால், பதினோரு குடும்பத்துக்கும் கழிக்குள் இறங்க அனுமதி. காட்டாவிட்டால் அவ்வளவுதான், இதுவே கடைசி.

காகிதத்துக்கு எங்கே போவது? கெங்கம்மாளின் ரேஷன் அட்டையில் ஒரு சூளை மேஸ்திரியின் ஊர் இருந்தது. ஆதாரில் ஓர் அரிசி மில்லின் விலாசம். கழி எதிலும் இல்லை.

"கேளுங்கக்கா," என்று கலைமதி மூச்சு வாங்கப் படித்தாள். "தொண்ணூத்தி ஆறு. வனத்துறை கேசு. நாமக்கோழி நாலு, கண்ணி ஒண்ணு கைப்பற்றப்பட்டது. எதிரி ராஜாமணி, வயசு இருவத்தெட்டு, இருளர், ஆலங்கழி வடகரையில் குடிசை கட்டி வசிப்பவர். சர்க்காரே எழுதி இருக்குதுக்கா, குடிசை கட்டி வசிப்பவர்னு! யாருக்கா இந்த ராஜாமணி? இருக்காரா?"

கெங்கம்மாள் கையிலிருந்த கரும்பின் தோகையைச் சீவி முடித்தாள். அதைக் கட்டோடு வைத்தாள்.

"எங்க வூட்டுக்காருதான் அது."

"அவரு பேரு கண்ணையன் இல்ல?"

"காக்கி சட்ட கேட்டா எங்காளுங்க பேரு மாத்திதான் சொல்லுவாங்க. நாலு கோழிக்குப் பதினஞ்சு நாளு உள்ள இருந்துட்டு வந்தாரு. அவருதான்."

"சரி, ராஜாமணின்னு ஏன் சொன்னாரு?"

"தெரியல மேடம்."

அது பொய். கெங்கம்மாளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் கலைமதி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டுக்கொண்டு, வரப்பில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

காக்கிச் சட்டை பேர் கேட்டால் செத்தவன் பேரைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு குடும்பத்தில் அது எழுதாத சட்டம். போலீசு, பாரஸ்ட்டு என்ற பேதமெல்லாம் கிடையாது. உயிரோடிருப்பவன் பேர் ஒரு தரம் ஸ்டேஷன் நோட்டில் ஏறிவிட்டால், அப்புறம் சுற்றுவட்டாரத்தில் எவன் வீட்டு மோட்டார் காணாமல் போனாலும் இரவோடு இரவாக அவனைத் தேடி ஜீப் வரும். செத்தவனைத் தேடி எங்கே போவார்கள்? பாட்டன், முப்பாட்டன், பெரியத்தை, சித்தப்பன் என்று அந்த நோட்டுகளில் பாதிச் சுடுகாடே குடியிருக்கும். இப்படி மூன்று தலைமுறை ஒளிந்து ஒளிந்து, அதில் கைதேர்ந்து, தடம் தெரியாமல் வாழ்ந்து காட்டினார்கள். இப்போது சர்க்கார் கூப்பிட்டு, நீங்கள் இங்கே இருந்ததற்குத் தடம் எங்கே என்று கேட்கிறது. யாரைக் குறை சொல்வது?

ராஜாமணி கெங்கம்மாளின் மூத்த பிள்ளை. கழியின் வடகரையில், குடிசைக்குள் பிறந்தான். ஒன்பது மாதம் இருந்தான். அந்த ஐப்பசி மழையில் இரண்டு நாள் வயிற்றால் போயிற்று. மூன்றாம் நாள் விடிவதற்குள் கை சில்லிட்டுவிட்டது. அதே கரையில் புதைத்தார்கள். ஆஸ்பத்திரி பார்க்காத பிள்ளை. பிறந்ததும் எந்த நோட்டிலும் ஏறவில்லை, செத்ததும் ஏறவில்லை. போட்டோ கிடையாது. கெங்கம்மாள் அப்போது இருபத்தொரு வயதுக்காரி. ஐந்து நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆறாம் நாள் கண்ணையன் அவளுக்கு ரசம் வைத்துக் கொடுக்கலாமென்று, கழியில் மேய்கிற நாமக்கோழிக்குக் கண்ணி வைத்தான். மாட்டிக்கொண்டான். பாரஸ்ட்டுக்காரன் பேர் கேட்டிருக்கிறான். செத்தவன் பேரைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் அவன் நாக்கு நுனியில் இருந்த செத்த பேர் அது ஒன்றுதான்.

கெங்கம்மாள் இத்தனை வருஷமும் அவன் தன் பாட்டன் பேரைச் சொல்லியிருப்பான் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. விடுதலையாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷம் அந்தப் பேரை இரண்டு பேரும் ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு வக்கீல் பெண் கரும்புக் கொல்லையில் நின்று சத்தமாகப் படிக்கிறாள். அழுகை வந்திருக்க வேண்டும். சொல்லாமல் செத்தானே என்று கண்ணையன்மேல் கோபமாவது வந்திருக்க வேண்டும். கெங்கம்மாள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வரிசைக்காரி தன்னைத் தாண்டிப் போய்விட்டதைப் பார்த்து மறுபடியும் குனிந்தாள்.

புதன்கிழமை காலையில் அவளும் துரைக்கண்ணுவும் பஸ் ஏறினார்கள். துரைக்கண்ணு கண்ணையனின் தம்பி. சாட்சி சொல்ல அவனைக் கலைமதி வரச் சொல்லியிருந்தாள். விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் மாறினார்கள். கூட்டேரிப்பட்டில் மயிலம் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் இறங்கி, பஸ் கொஞ்சம் காலியான பிறகுதான் அவன் கேட்டான்.

"அண்ணி, அண்ணன் அந்தப் பேரையா குடுத்துச்சு?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா."

"எனக்கும் இப்பதான் தெரியும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பிள்ளையை அவன்தான் தோளில் போட்டுக்கொண்டு கரையெல்லாம் சுற்றுவான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது.

"மேடம்கிட்ட சொல்லிட்டியா, அது யாரு பேருன்னு?"

"இல்ல."

"சொல்லாத அண்ணி." அதைச் சொல்லிவிட்டு அவனே கூசிப்போனான். "தப்பா எடுத்துக்காத. பதினோரு வூடு. மூணு வருசமா கழிக்குப் போவாம சூளையிலயே கெடக்குதுங்க. என் மருமவ வயித்துல புள்ளய வெச்சிக்கினு கல்லு அறுத்துக்கினு இருக்கிறா. அதுக்கோசரம் சொல்றேன்."

"சொல்லல. சும்மா வா."

அவன் இவ்வளவு கெஞ்சத் தேவையே இல்லை. அவள் எதையும் சொல்வதாக நினைத்திருக்கவில்லை. உள்ளே ஏதாவது முட்டிக்கொண்டு நின்றால்தானே சொல்லுவதா விடுவதா என்ற பேச்சு வரும்.

திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு வெளியே, நோட்டரி ஒருவரின் மேசை முன்னால் கலைமதி காத்திருந்தாள். உறுதிமொழிப் பத்திரம் தயாராக டைப் அடித்திருந்தது. அவள் படித்துக் காட்டினாள். முதல் பத்தி: நான் காலஞ்சென்ற கண்ணையனின் மனைவி. இரண்டாம் பத்தி: கண்ணையன் என்பதும் ராஜாமணி என்பதும் என் கணவர் ஒருவரையே குறிக்கும். மூன்றாம் பத்தி: மேற்படி ஆலங்கழி வடகரையில் ராஜாமணி என்ற பெயரில் வேறு எவரும் எக்காலத்திலும் வசித்ததில்லை.

"மூணாவது எதுக்கு மேடம்?" என்றாள் கெங்கம்மாள். மூன்று வருஷத்தில் அவள் கலைமதியைக் கேட்ட முதல் கேள்வி அது. கலைமதிக்கே ஆச்சரியம்.

"அந்த ராஜாமணி வேற யாரோன்னு அவங்க சொல்லிடுவாங்கக்கா. நம்ம பேப்பரு இது ஒண்ணுதான். ஓட்டை எதுவும் விடக் கூடாது."

"அத்த எடுத்துட்டா?"

"எடுத்துட்டா சந்தேகம் வரும். ஏங்க்கா, வேற ராஜாமணி யாராவது இருந்தாங்களா?"

துரைக்கண்ணு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டரி டீயை ஊதிக் குடித்தார்.

"இல்ல," என்றாள் கெங்கம்மாள்.

கட்டைவிரலை மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தாள். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்ததே தவிர ரேகை விழவில்லை. கரும்பும் சூளைக் கல்லும் தேய்த்துவிட்ட விரல். நோட்டரி சலித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, வெரல்ல ஒண்ணுமே இல்லியே. துணியில தொடச்சிட்டு மறுபடி வை." துடைத்துவிட்டு வைத்தாள். நாலாவது தரம் ஏதோ இரண்டு கோடு தெரிந்தது. போதும் என்று அவர் முத்திரை குத்தினார்.

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் மணமக்கள் பேர் தெர்மாகோலில் அப்படியே இருந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த இடத்தில் மேசை போட்டு விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வாடிய ரோஜா மாலையில் இதய வடிவம் ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் கிளார்க், இன்னொரு பக்கம் ரேஞ்சர். அதிகாரி ரிட்டயராகப் போகிற வயது. கொடுமைக்காரர் இல்லை. வந்தவர்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஆனால் காகிதம் என்றால் பூதக்கண்ணாடி.

இவர்களுக்கு முன்னால் நடராசன் என்ற விவசாயி நின்றார். கழியோரம் எருமை மேய்க்கிற உரிமை கேட்டு வந்தவர், கைநிறையப் பத்திரம் வைத்திருந்தார். ஒன்றில் அப்பா பேர் சின்னதுரை. இன்னொன்றில் வேறு யாரோ.

"அவரு எங்க பெரியப்பா சார். அவருதான் என்னைத் தூக்கி வளர்த்தாரு."

"வளர்த்தது சரிங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு அப்பா எழுதியிருந்தா நான் எத்த நம்பறது? நாளைக்கு மேல இருக்கறவங்க என் தலையை உருட்டுவாங்க. ஒரு இடத்துல இடிச்சாலும் மொத்தமும் தள்ளுபடிதான்." அதிகாரி சிவப்பு மையில் எழுதினார். நடராசன் பத்திரங்களைப் பையில் திணித்துக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

துரைக்கண்ணு மெல்ல கெங்கம்மாளைப் பார்த்தான். அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்து இவர்கள். ரேஞ்சர் எழுந்து, இவர்கள் வருஷத்தில் நாலு மாதம் வந்து போகிறவர்கள், குடியிருப்பவர்கள் என்று சொல்ல முடியாது என்றார். கலைமதி எழுந்தாள். பறவையும் நாலு மாதம்தான் வந்து போகிறது, அதனிடம் யாரும் ரேஷன் அட்டை கேட்பதில்லையே என்றாள். இந்த வசனத்தை அவள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாள், பத்திரிகையில்கூட வந்தது. ஆறேழு தரம் கேட்டுவிட்ட கெங்கம்மாளுக்குக் கொட்டாவி வந்தது. அதிகாரிக்கும் அது புதிது இல்லை போலிருக்கிறது. அவர் நேராகக் கெங்கம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க உள்ள எறங்கினா பறவையெல்லாம் கலைஞ்சிடும்னு ரேஞ்சர் சொல்றாரு. நீ இன்னா சொல்ற?"

"நின்னாத்தான் சார் பறக்கும்."

"இன்னா?"

"மனுசன் நிமிந்து நின்னா பறக்கும். படகு வந்தா பறக்கும். நாங்க நிக்கவே மாட்டோம் சார். தண்ணியில குந்திக்கினே போவோம். தல மட்டுந்தான் மேல இருக்கும். கூழைக்கடா பக்கத்துலயே மேஞ்சிக்கினு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. நாமளும் அதும்மாதிரி ஒண்ணுன்னு நெனச்சிக்கும். நாரை நிக்கற எடத்துக்கு நாங்க போவ மாட்டோம். அங்க அது தின்னு முடிச்சிருக்கும், நமக்கு இன்னா இருக்கும்? அது போவாத எடமாப் பாத்துப் போயி, இப்படி ரெண்டு கையையும் வெரிச்சி வெச்சிக்கினு, சேத்தோட சேத்தா தடவிக்கினே வருவோம். எறா பின்னால ஓடும் சார். பின்னால ஒரு கை வெக்கணும். முட்டை வெச்ச எறாவா இருந்தா வயிறு கொழகொழன்னு தெரியும், வுட்ருவோம்."

"சத்தம்? பேச்சு?"

"பிடிக்கிற எறாவப் போட வாயில பறிய கடிச்சிக்கினு இருப்போம். எங்க சார் பேசறது?"

மண்டபத்தில் சிரித்தார்கள். ரேஞ்சர்கூடச் சிரித்துவிட்டார். கெங்கம்மாள் அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் இடுப்புக்குக் கீழே விரிந்து, காற்றைத் தடவிக்கொண்டிருந்தன. கண்ணையன் செத்த பிறகு அவளுக்கு வேண்டும் என்று தோன்றிய முதல் பொருள் அந்தச் சேறுதான். அது வேண்டும். எப்படியாவது வேண்டும். அவள் கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி வழக்குக் காகிதத்தை எடுத்தார். "இந்த ராஜாமணி?"

"எங்க வூட்டுக்காரு."

"ரெண்டு பேரு எப்படி?"

"வூட்ல ஒண்ணு, வெளிய ஒண்ணு சார்."

அவர் துரைக்கண்ணுவைப் பார்த்தார். "நீ தம்பியா? ராஜாமணின்னு வாயால கூப்புட்டிருக்கியா?"

"கூப்புட்டிருக்கேன் சார்," என்றான் துரைக்கண்ணு. "நெறைய கூப்புட்டிருக்கேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அண்ணன் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாவம் என்று கலைமதி அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னாள்.

அதிகாரி உறுதிமொழிப் பத்திரத்தை இரண்டு தரம் படித்தார். மூன்றாம் பத்தியில் விரலை வைத்தார். "வேற ராஜாமணி யாரும் கெடையாது. உறுதிதானே?"

"உறுதிதான் சார்."

அவர் ரேஞ்சரிடம் காகிதத்தை நீட்டினார். ரேஞ்சர் எண்ணையும் தேதியையும் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் ரிக்கார்டுதான் சார் என்றார். அதிகாரி பச்சை மைப் பேனாவை எடுத்தார். "சரி. ஏத்துக்கறேன். பதினோரு குடும்பத்துக்கும் போட்டுடலாம். ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும், கையால மட்டும், வலை கூடாது."

கலைமதி கெங்கம்மாளின் கையைப் பிடித்து நெரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். மூன்று வருஷ அலைச்சல். கெங்கம்மாள் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு சிரிப்பாவது காட்ட வேண்டும் என்று நினைத்தாள், உதடு வரவில்லை.

"குடும்ப விவரம் மட்டும் எழுதிட்டா முடிஞ்சிது," என்று கிளார்க் ஒரு படிவத்தை விரித்தார். "வீட்டுக்காரர் கண்ணையன் என்கிற ராஜாமணி, காலமானவர். பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு சார். கன்னியம்மா. சூளையில இருக்கிறா."

"கன்னியம்மாள். வேற?"

"வேற இல்ல."

"பொறந்து எறந்துபோன பிள்ளைங்க? அதுக்கும் ஒரு கட்டம் இருக்குது. பேரு, வயசு, எறந்த எடம்."

கிளார்க் பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இடம் வடகரை. வயது ஒன்பது மாதம். இரண்டையும் சொல்லிவிடலாம். பேர்? வேறு ஒரு பேரைச் சொன்னால் என்ன? பேர் மாற்றிச் சொல்வது அவர்களுக்குப் புதிதா? செத்தவர்கள் பேர் அவளிடம் நிறைய இருந்தது. அம்மா பேர், அத்தை பேர், பாட்டன் பேர். ஆனால் அவனுக்கு என்று இருந்தது அந்த ஒன்றுதான். இடுப்புக் கயிறுகூட இல்லாமல் போனவன். அதையும் அப்பன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்மேல் யாரோ ஒருத்தர் பேரைப் போர்த்தினால் அப்புறம் அவன் யார்?

"சொல்லும்மா," என்றார் அதிகாரி. அவர் குரலில் அவசரம் இல்லை. "இருந்தா பேரு சொல்லு, எழுதிக்கலாம். இல்லன்னா கோடு போட்டுடுவாரு."

மேடையிலிருந்து பார்த்தால் வாசல்வரை தெரிந்தது. வெயிலில் அவள் கூட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறாள் என்று இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோடு போட்டுடுங்க சார்," என்றாள் கெங்கம்மாள்.

கிளார்க் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். நேராகத்தான் போட்டார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.